குண்டை யாருக்காக எறிகிறோம்

கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற கணினித் துப்பாக்கி விளையாட்டை ஆடும் ஒருவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பதை அறிய, அவர் எத்தனை பேரைத் தலையில் சுட்டார் என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை. அவர் செத்து விழும்போது எத்தனை கையெறி குண்டுகளை எறியாமல் வைத்திருந்தார் என்று பார்ப்பேன். கண்ணைக் கூசவைக்கும் ஒளிக்குண்டு இரண்டும் பார்வையை மறைக்கும் புகைக்குண்டு ஒன்றும் மிச்சம் வைத்துச் செத்தவர், அணியின் ஆட்டக் காசில் எழுநூறு டாலரை மண்ணில் கொட்டியிருக்கிறார். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அந்த மூன்று குண்டுகளையும் நம்பி முன்னே ஓடியிருக்கக்கூடிய ஒரு தோழர், வெறும் கையோடு ஓடிச் செத்திருப்பார்.

இந்த விளையாட்டில் குண்டெறிவது பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று இருக்கிறது: எறிபவர் தனக்காக எறியும் குண்டு பெரும்பாலும் பாதிப் பயனே தரும். இன்னொருவருக்காக, அவர் எதிர்பார்த்திருக்கும் நொடியில், அவரிடம் சொல்லிவிட்டு எறிவதுதான் முழுப் பயன் தருகிறது. எந்தக் குண்டை வாங்குவது, எங்கே எறிவது, எப்போது எறிவது என்ற கேள்விகள் எல்லாம் இதற்குப் பிறகுதான் வருகின்றன.

எங்கள் அணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் கோலாலம்பூரின் செந்தூலில் இருக்கிறேன். என் சித்தி மகன் செலாயாங்கில். அவனுடைய நண்பன் ரவாங்கிலிருந்து சேர்கிறான். நான்காமவர் எங்கள் ஃபிளாட்டிலேயே இரண்டு மாடி கீழே குடியிருக்கும் மலாய்த் தம்பி. ஐந்தாவது, முன்பு என்னோடு வேலை பார்த்த கெப்போங் சீனத் தோழி. துப்பாக்கிச் சண்டையில் எங்களில் மிகச் சிறந்தவர். ஒருகாலத்தில் ஜாலான் ஈப்போ பக்கத்து சைபர் கபேயில் தோளோடு தோள் உட்கார்ந்து ஆடினோம். இப்போது அவரவர் வீட்டிலிருந்து சிங்கப்பூர் சர்வரில் சந்திக்கிறோம். தோளைத் தட்டிச் சொல்ல முடிந்த காலம் போய்விட்டதால், வாய்விட்டுச் சொல்வது இரண்டு மடங்கு முக்கியமாகிவிட்டது.

விளையாட்டின் வரலாறு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1999இல் ஹாஃப் லைஃப் விளையாட்டின் மேல் ரசிகர்கள் கட்டிய ஒரு மாற்று வடிவமாக கவுன்டர் ஸ்ட்ரைக் பிறந்தது. 2000இல் வால்வ் நிறுவனம் அதைத் தன் வெளியீடாக்கியது. 2012இல் குளோபல் அஃபென்சிவ் வந்தது; 2023 செப்டம்பரில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 அதன் இடத்தைப் பிடித்தது. அணிக்கு ஐந்து பேர். ஏ, பி என்ற இரண்டு தளங்களில் ஒன்றில் ஓர் அணி சி4 வெடியை வைக்க முயலும். மறு அணி அதைத் தடுக்கும், அல்லது வைத்த வெடியைச் செயலிழக்கச் செய்யும்.

கால் ஆஃப் டியூட்டி என்ற வேறொரு துப்பாக்கி விளையாட்டிலிருந்து இதற்கு வருபவர்களுக்கு ஒரு பழக்கம் தடையாக இருக்கும். அங்கே வெடிகுண்டின் ஊசியைப் பிடுங்கிக் கையிலேயே சற்று வைத்திருந்து, எதிரி ஓட நேரமில்லாதபடி எறியலாம். இங்கே அப்படிச் செய்ய முடியாது. கையை விட்டுப் போன பிறகுதான் நொடி ஓடத் தொடங்குகிறது. ஆகவே நேரத்தை நாம் தூரத்தாலும், எறியும் வேகத்தாலும், சுவரில் மோதித் திரும்பும் கோணத்தாலும்தான் கட்டுப்படுத்த வேண்டும். மவுஸின் இடது பொத்தான் முழு வேகம். வலது பொத்தான் காலடியில் உருட்டிவிடும் எறி. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நடுத்தரம். இந்த மூன்றாவதைத் தெரியாமலே ஆண்டுக்கணக்கில் ஆடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இனி வாங்குவது. ஒருவர் அதிகபட்சம் நான்கு குண்டுகள் வைத்திருக்கலாம். அதில் ஒளிக்குண்டு இரண்டுவரை. புகைக்குண்டு 300 டாலர், ஒளிக்குண்டு 200, எச்.இ. எனப்படும் வெடிக்கும் குண்டு 300, தாக்கும் அணியின் மொலட்டோவ் தீக்குண்டு 400. காக்கும் அணியின் தீக்குண்டு இன்னும் விலை கூடியது. தாக்கும் அணியில் ஒருவர் ஏ.கே. 47 துப்பாக்கியை 2,700க்கும், உடல் கவசத்தையும் தலைக்கவசத்தையும் 1,000க்கும் வாங்கி, ஒரு புகை, ஒரு தீ, இரண்டு ஒளி எடுத்தால் மொத்தம் 4,800 ஆகிறது. அதற்குள் நான்கு இடங்களும் நிரம்பிவிடும். எச்.இ. வேண்டுமென்றால் எதையாவது விட வேண்டும்.

எதை விடுவது என்பதற்குப் பொது விதி இல்லை. அந்தச் சுற்றில் நம் வேலை என்ன என்பதுதான் விடை சொல்லும். முதலில் நுழைபவருக்கு நான்கும் தேவையில்லை. அவர் எறியும் முன்பே செத்துப்போக வாய்ப்பு அதிகம். எங்கள் கெப்போங் தோழி ஒரு ஒளிக்குண்டோடு போவார், மிச்சக் காசைத் துப்பாக்கியில் போடுவார். அவருக்குப் பின்னால் நடக்கும் நான் நான்கையும் சுமப்பேன். குண்டைக் கீழே போட்டுத் தோழருக்குக் கொடுக்கவும் வழி இருப்பதால், சுற்றின் தொடக்கத்தில் யார் எந்த மூலையில் நிற்கிறாரோ அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறோம். தொடக்க இடம் ஒவ்வொரு சுற்றிலும் மாறும் என்பதால் இது சிறிய விஷயமில்லை.

முதல் சுற்றில் ஒவ்வொருவரிடமும் 800 டாலர்தான் இருக்கும். எல்லோரும் 650க்கு உடல் கவசம் வாங்கிவிட்டால், ஐந்து பேரிடமும் ஒரு புகைகூட இராது. நாங்கள் ஐவரில் இருவரைக் கவசமில்லாமல் விடுகிறோம். அந்த இருவரும் ஒரு புகையும் இரண்டு ஒளியும் வாங்குகிறார்கள், 700 டாலர். கைத்துப்பாக்கிகள் மட்டுமே இருக்கும் சுற்றில், ஒரே ஒரு நல்ல புகை எதிரணியின் பாதிப் பார்வையை மறைத்துவிடுகிறது. செலாயாங் தம்பி முதலில் இதற்கு ஒப்பவில்லை. “கவசம் இல்லாமல் எப்படி அக்கா?” என்று கேட்டான். அவனைச் சுட வேண்டியவரே அவனைப் பார்க்க முடியாதபோது கவசம் எதற்கு என்று கேட்டேன். இப்போது அவனே கவசத்தை விட்டுவிட்டுக் குண்டு வாங்க முன்வருகிறான்.

காக்கும் பக்கத்தில் இன்னொரு கணக்கு உண்டு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. உடல் கவசத்தோடு தலைக்கவசம் சேர்க்க 350 டாலர் கூடுதலாகிறது. ஆனால் ஏ.கே. 47 தலைக்கவசத்தையும் துளைத்து ஒரே தோட்டாவில் கொன்றுவிடும். எதிரணி முழுவதும் ஏ.கே. ஏந்தி வரும் என்று தெரிந்த சுற்றில் அந்த 350ஐ நான் தலையில் கட்டுவதில்லை. 300க்கு ஒரு புகைக்குண்டு வாங்குகிறேன். எதிரணியிடம் காசில்லை, கைத்துப்பாக்கிதான் வரும் என்றால் தலைக்கவசம் வாங்குகிறேன்.

புகைக்குண்டைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. மிராஜ் என்ற மேப்பின், அதாவது ஆடுகளத்தின், ஏ தளத்தை எடுத்துக்கொள்வோம். தாக்குபவர்கள் உள்ளே வரும்போது அவர்களைச் சுடக்கூடிய இடங்கள் பல. அவற்றில் மூன்று தொலைவிலிருந்து தளத்தைப் பார்ப்பவை: படிக்கட்டு, ஜங்கிள் எனப்படும் இடம், காக்கும் அணி புறப்படும் பக்கம். இந்த மூன்றிலும் மூன்று புகைகள் விழுந்தால், தளத்துக்குள் நிற்கும் ஒருவர் அல்லது இருவர் தனித்துவிடுகிறார்கள். உதவிக்கு வருபவர் புகையைக் கடந்து குருட்டுத்தனமாக வர வேண்டும். எதிரிகள் ஐவர் இருந்தும், அந்தச் சில நொடிகளுக்கு நாம் ஐவர் இருவரோடு மோதுகிறோம்.

ஆனால் மூன்று புகைகளும் ஒன்றாக விரிய வேண்டும். ஒரு புகை ஏறத்தாழ இருபது நொடிகள் நிற்கிறது. முதல் புகை விரிந்து பத்து நொடி கழித்து மூன்றாவது விரிந்தால், பாதுகாப்பான நேரத்தில் பாதி போய்விட்டது. எல்லாம் சரியாக விழுந்தபிறகு வாசலில் நின்று தயங்குவதும் அதே கேடுதான். பொது ஆட்டங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன்: காணொளி பார்த்துக் கற்ற அழகான புகை, சரியான இடத்தில் விழுகிறது, எறிந்தவர் பெருமையாக நிற்கிறார், யாரும் நகர்வதில்லை. எறிவதற்கு முன் “நான் படிக்கட்டை மறைக்கிறேன், விரிந்ததும் போங்கள்” என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்தப் புகைக்கு வேலை கிடைத்திருக்கும்.

டஸ்ட் 2 மேப்பில் நடுவழிக்கதவின் இடைவெளி வழியாக, சுற்று தொடங்கிய சில நொடிகளிலேயே தொலைநோக்குத் துப்பாக்கிக்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். எக்ஸ்பாக்ஸ் என்று ஆட்டக்காரர்கள் பெயர் வைத்திருக்கும் பெட்டியருகே ஒரு புகை விழுந்தால், குறுக்கு வழிக்கு அச்சமில்லாமல் ஏறலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான், ஏனென்றால் பலன் உடனே கண்ணுக்குத் தெரிகிறது: எறியாத சுற்றில் ஒருவர் அங்கே சாகிறார், எறிந்த சுற்றில் சாவதில்லை.

கவுன்டர் ஸ்ட்ரைக் 2 புகையின் இயல்பையே மாற்றிவிட்டது. முன்பு புகை என்பது ஒரு நிலையான உருண்டை. இப்போது அது இடத்துக்கேற்ப விரிகிறது. கதவிடுக்கில் கசிகிறது, மேட்டில் ஏறுகிறது. சுட்டால் தோட்டா போன வழியில் மெல்லிய துளை தெரிகிறது. எச்.இ. குண்டு வெடித்தால் புகை கிழிந்து ஓரிரு நொடிகளுக்கு நன்றாகத் திறக்கிறது. இதனால் இரண்டு பழக்கங்களை நாங்கள் மாற்றிக்கொண்டோம். ஒன்று, சொந்தப் புகையை ஒட்டி நிற்பதில்லை. இரண்டு, எச்.இ. குண்டை எதிரியின் உடல்மேல் எறிவதைக் குறைத்துவிட்டோம். எதிரணி நடுவழியில் புகை போட்டதும், ரவாங் தம்பி எச்.இ.யை எறிவான், திறக்கும் அந்தக் கணத்துக்காகக் கெப்போங் தோழி துப்பாக்கியை ஏந்திக் காத்திருப்பார். புகை தந்த தைரியத்தில் நிமிர்ந்து ஓடுபவர் அங்கே அகப்படுகிறார்.

எச்.இ.யைப் பற்றி வேறு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழு உயிரோடு, அதாவது 100 புள்ளிகளோடு நிற்பவரை ஒரு எச்.இ. கொல்லாது, கவசம் அணிந்தவருக்கு 60 புள்ளிகூட இழப்பு வராது. காயம்பட்டு ஒளிந்திருப்பவரை முடிக்கவும், கூட்டமாக வரும் கைத்துப்பாக்கிக்காரர்களைத் தளர்த்தவும் நன்று. 50 டாலர் விலையுள்ள டிகாய் என்ற ஏமாற்றுக் குண்டு துப்பாக்கிச் சத்தம் எழுப்பி ஏமாற்றும், நான் வாங்குவதில்லை.

ஒளிக்குண்டுதான் என் மனத்துக்கு நெருக்கமானது, ஏனென்றால் மனிதர்களுக்கிடையே உள்ள நம்பிக்கை முழுவதும் அதில் தெரிந்துவிடுகிறது. அது எறிந்து ஒன்றரை நொடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் வெடிக்கும். நேராகப் பார்ப்பவருக்குத் திரை வெளுத்துவிடும், காதும் அடைத்துவிடும். பக்கவாட்டில் பார்ப்பவருக்குக் குறைவு. முதுகு காட்டி நிற்பவருக்கு மிகக் குறைவு. இந்த ஒளி நண்பன், எதிரி என்று பார்ப்பதில்லை. ஆகவே தானே எறிந்து தானே ஓடுபவர், வெடிக்கும்வரை திரும்பி நிற்க வேண்டும், பிறகு திரும்பிக் குறிபார்க்க வேண்டும். அதற்குள் எதிரியின் பார்வை தெளியத் தொடங்கிவிடும். பின்னால் நிற்கும் ஒருவர் எறிந்தால், முன்னால் நிற்பவர் துப்பாக்கியைக் கையிலிருந்து இறக்காமலே, வெடித்த அதே கணத்தில் வெளியே வரலாம்.

அதற்கு இரண்டு வேண்டும். முதலாவது, எறிபவர் குண்டு எதிரியின் கண்ணுக்குத் தெரியும் நேரத்தைக் குறைக்க வேண்டும். திறந்த வெளியில் உருண்டு வரும் ஒளிக்குண்டைப் பார்த்தால் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சுவரிலோ கூரை விளிம்பிலோ மோதவிட்டு, மூலையைத் தாண்டிய உடனே வெடிக்கும்படி எறிய வேண்டும். கேரம் பலகையில் ஓரத்தில் அடித்துக் காயைப் பையில் தள்ளத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு விரைவில் பிடிபடுகிறது. தீபாவளிக்குச் சித்தி வீட்டில் கூடும் பிள்ளைகளில் கேரம் நன்றாக ஆடுபவர்களே இதையும் நன்றாக எறிகிறார்கள். இரண்டாவது, எண்ண வேண்டும். எங்கள் அணியில் தமிழ், மலாய், கேன்டனீஸ், ஆங்கிலம் எல்லாம் கலந்து ஓடும். ஒளிக்குண்டுக்கு மட்டும் மலாய்தான்: “சாத்து, டுவா, தீகா.” மூன்றாம் எண்ணில் குண்டு வெடிக்கும், முன்னால் நிற்பவர் நகர்வார். கோலாலம்பூரில் வளர்ந்த யாருக்கும் அந்த மூன்று எண்களை விளக்க வேண்டியதில்லை. பொது ஆட்டத்தில் முகம் தெரியாதவர்களோடு சேரும்போதுகூட அதையே பயன்படுத்துகிறேன். உள்ளூர்க்காரர்கள் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

தோழர் “ஃபிளாஷ் வேண்டும்” என்று கேட்கும்வரை காத்திருப்பதும் எனக்கு ஒப்புதல் இல்லை. முன்னால் நிற்பவருக்குக் கேட்க நேரமிருப்பதில்லை. அவர் எந்த மூலையை நோக்கி நடக்கிறார் என்று பார்த்தாலே அடுத்து என்ன தேவை என்பது தெரியும். குண்டைக் கையில் எடுத்து, எறியும் இடத்தில் நின்று, “தயார், சொன்னால் எறிகிறேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம்மைப் பின்னால் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் முன்னால் போகிறவரின் நடையே மாறிவிடுகிறது.

தீக்குண்டு வேறு வகையில் வேலை செய்கிறது. மொலட்டோவ் ஏழு நொடிகள் எரியும். இன்ஃபெர்னோ மேப்பில் பனானா என்ற வளைந்த குறுகிய பாதைதான் பி தளத்தின் உயிர்நாடி. சுற்று தொடங்கியதும் காக்கும் அணி அங்கே தீயை எறிந்தால், தாக்குபவர்கள் சில நொடிகள் நிற்க வேண்டியிருக்கும்; அந்த இடைவெளியில் காப்பவர்கள் இடம் பிடித்துவிடுவார்கள். தாக்குபவர்கள் பதிலுக்குத் தம் மொலட்டோவைக் கார் நிற்கும் மூலையில் எறிந்தால், அங்கே ஒளிந்திருப்பவர் எழுந்து ஓடியே ஆக வேண்டும். எழுந்து ஓடுபவரைச் சுட ஒருவர் தயாராக நிற்காவிட்டால் அந்தத் தீ வெறும் வெளிச்சம்தான். ஆகவே தீ எறிபவர், எறியும்போதே எதிரி எந்தப் பக்கம் ஓடுவார் என்று தோழரிடம் சொல்லிவிட வேண்டும்.

தீயைப் புகை அணைத்துவிடும் என்பதும், நெருப்பில் விழுந்த புகைக்குண்டு உடனே விரிந்துவிடும் என்பதும் நினைவிலிருக்க வேண்டிய செய்திகள். இதனால்தான் எதிரணி தீ எறியும் மேப்களில் முதல் அரை நிமிடத்துக்குள் எல்லாப் புகைகளையும் கொட்டிவிடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

பயிற்சி எப்படிச் செய்வது என்று பலர் கேட்கிறார்கள். தனி சர்வர் திறந்து, குண்டு தீராதபடி அமைத்து, எறியுங்கள். குண்டு எங்கே போய் விழும் என்பதை எறியும் முன்பே சிறு சட்டத்தில் காட்டும் வசதி இப்போதைய ஆட்டத்தின் பயிற்சி முறையில் இருக்கிறது. அது முன்பு மணிக்கணக்கில் பிடித்த வேலையை வெகுவாகக் குறைத்துவிட்டது. குதித்தபடி எறிவதற்கு முன்பு தனி விசை அமைத்துக்கொண்டிருந்தோம். அந்தத் தொல்லையும் போய்விட்டது. ஆனால் ஒரு மேப்புக்கு ஐம்பது குறியிடங்களை மனப்பாடம் செய்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. நீங்கள் அடிக்கடி நிற்கும் இடத்திலிருந்து, உங்கள் அணி அடிக்கடி போகும் வழிக்கு, மூன்று புகையும் இரண்டு ஒளியும் தெரிந்தால் போதும். அவை கண்ணை மூடிக்கொண்டும் வர வேண்டும். சண்டையின் நடுவே கூரை விளிம்பில் குறியைத் தேடி நிற்பவர், அந்நேரம் அணிக்கு இல்லாதவர்.

பயிற்சிக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் ஃபிளாட் தம்பி சனிக்கிழமைகளில் மடிக்கணினியோடு மேலே வந்துவிடுவான். நான் எறிவேன், அவன் எதிரி நிற்கும் இடத்தில் நின்று என்ன தெரிகிறது என்று சொல்வான். “கால் தெரிகிறது அக்கா, இன்னும் இடப்பக்கம்” என்பான். எறிபவரின் பக்கத்திலிருந்து கச்சிதமாகத் தெரியும் புகை, எதிரியின் பக்கத்திலிருந்து ஒரு கை அகல இடைவெளியோடு இருக்கலாம். அந்த இடைவெளியில்தான் நம் தோழர் சாகிறார். பிறகு கீழே மாமாக் கடை எனப்படும் இந்திய முஸ்லிம் உணவகத்துக்குப் போய்த் தே தாரிக் குடித்தபடி, அந்த வாரத்து ஆட்டங்களின் பதிவைக் கைபேசியில் ஓட்டிப் பார்ப்போம். சுடும் காட்சிகளைத் தள்ளிவிட்டு, யார் எதை எறியாமல் செத்தார்கள் என்பதை மட்டும்.

கடைசியாக, வெடி வைத்த பிறகு நடப்பது. இங்கேதான் ஒரே ஒரு குண்டு முழுச் சுற்றையும் தீர்மானிக்கிறது. வைத்த சி4 நாற்பது நொடியில் வெடிக்கும். அதைச் செயலிழக்கச் செய்ய, கருவி இல்லாதவருக்குப் பத்து நொடிகள், 400 டாலர் கொடுத்துக் கருவி வாங்கியவருக்கு ஐந்து நொடிகள். நீங்கள் தாக்குபவர், தொலைவில் மறைந்திருக்கிறீர்கள், கையில் ஒரு மொலட்டோவ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதினொரு நொடி மிச்சமிருக்கும்போது வெடியின் மேல் தீ விழுந்தால், அது அணையும்போது நான்கு நொடிதான் மிஞ்சும். கருவி இருந்தும் எதிரிக்கு நேரம் போதாது. இருபது நொடி இருக்கும்போதே பதற்றத்தில் எறிந்தால், தீ அணைந்தபிறகு பதின்மூன்று நொடி மிஞ்சும். கருவி இல்லாதவருக்கே அது போதும்.

நீங்கள் காப்பவர் என்றால் கணக்கு மறுபக்கம் புரள்கிறது. ஒரு புகையை மிச்சம் வைத்திருந்தால் அந்தத் தீயின் மேலேயே எறியலாம். தீ அணையும், புகை உடனே சூழும், அதற்குள் குனிந்து ஐந்து நொடிகள் வேலை செய்யலாம். எதிரி புகைக்குள் கண்மூடித்தனமாகச் சுடுவார், எச்.இ. வைத்திருந்தால் புகையைத் திறந்தும் பார்ப்பார். ஆகவே கடைசியில் தோழர் ஒருவர் உயிரோடிருந்தால் அவர் வெடியருகே வரக் கூடாது. எதிரி எட்டிப்பார்க்கக்கூடிய மூலையை நோக்கித் தன் கடைசி ஒளிக்குண்டை எடுத்து வைத்துக்கொண்டு, புகைக்குள் குனிந்திருப்பவருக்காக எண்ணத் தொடங்க வேண்டும்.